வாரத்துக்கு எழுபது மைல்

நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கினேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டர் வேலை. ஒரு வருஷம் பயிற்சி, பிறகு பர்மனென்ட். தங்குவதற்கு டவுன்ஷிப்பில் இரண்டு பேருக்கு ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். என்னுடன் இருந்தவனுக்கு எப்போதும் எனக்கு எதிர் ஷிப்ட். நான் உள்ளே வரும்போது அவன் வெளியே போவான். அவனைவிட அவனுடைய சோப்பு டப்பாதான் எனக்கு அதிகப் பழக்கம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. டவுன்ஷிப் முழுக்கப் புதுசாக இருந்தது. நூல் பிடித்த மாதிரி ரோடுகள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள், இடுப்பு உயரம்கூட வளராத மரக்கன்றுகள். எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். எதிரே வருகிறவரிடம் முதலில் கேட்பது "எந்த ஊரு?" அடுத்தது "எந்த ஷிப்ட்?" அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம். மிச்சமிருந்த எட்டு மணி நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும். ஊருக்குக் கடிதம் எழுதினால் சௌக்கியம் என்றுதான் எழுதுவேன்.

அந்த எட்டு மணி நேரத்திடமிருந்து தப்பிக்கத்தான் ஓட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு மைல் ஓட்டத்தில் பரிசு வாங்கியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு எந்தத் தகுதியும் இல்லை. கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கினேன். வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஓடிப் போய்த் திரும்பி வருவேன். மூச்சு வாங்கும்போது மனசு எதையும் நினைப்பதில்லை. அது போதுமாக இருந்தது.

எந்திரங்களைப் பொருத்துவதற்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் என்னை ரோட்டில் அடிக்கடி பார்த்திருக்கிறார். ஒரு நாள் பெல்ட் அருகே நான் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டு விரல்களால் ஓடுகிற மாதிரி காட்டி, "வாரத்துக்கு எத்தனை மைல்?" என்று கேட்டார்.

தினம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாரத்துக்கு என்று நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. மனசுக்குள் கூட்டி, "பதினெட்டு இருக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். "எழுபது" என்றார். "எழுபது ஓடு. அப்புறம் மாரத்தான் ஓடு."

அடுத்த மாதமே அவர் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். அவருடன் நான் பேசியது மொத்தம் அவ்வளவுதான். அந்த எழுபது மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி எழுத ஆரம்பித்தேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம், கடைசியில் கூட்டுத்தொகை. வாரம் இரண்டு மூன்று மைல் கூட்டுவது, நாலாவது வாரம் கொஞ்சம் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளமாக ஓடுவது என்று நானாகவே ஒரு முறை வைத்துக்கொண்டேன். பதினெட்டு இருபத்தொன்றானது. இருபத்தைந்தானது. முப்பதைத் தாண்டியபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்தது. விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடினேன். முதல் ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம், இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் காலை, மூன்றாவது ஷிப்ட் வாரத்தில் தூங்கி எழுந்த எந்த நேரமானாலும் ஓட்டம். மழையிலும் ஓடினேன். லேசான காய்ச்சலோடும் ஓடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் முப்பத்தெட்டு. அந்த வாரத்துக்கு நாற்பது என்று வைத்திருந்தேன். திரும்பவும் ஷூவை மாட்டிக்கொண்டு எங்கள் பிளாக்கைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஐந்தாவது சுற்றில் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, "தம்பி, யாரையாவது தேடுறீங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மேலும் ஆறு சுற்று ஓடினேன். நாற்பது என்று எழுதிய பிறகுதான் சாப்பாடு இறங்கியது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இது உடற்பயிற்சி என்ற இடத்தைத் தாண்டிவிட்டது என்று.

அவனைப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான்.

மந்தாரக்குப்பம் ரோட்டில் காலை ஆறரை மணிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. வெறுங்காலின் சத்தம். லுங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய ஒருவன், ஒரு கையில் தூக்குச்சட்டியோடு, என்னைத் தாண்டிப் போனான். தூக்கு ஆடாமல் இருக்க அந்தக் கையை மட்டும் விறைப்பாக வைத்திருந்தான். என்னால் தாங்க முடியவில்லை. வேகத்தைக் கூட்டி அவன் பக்கத்தில் போனேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சார், எங்க போறீங்க? பஸ்ஸு உட்டுட்டீங்களா?"

"சும்மா ஓடுறேன்யா. நீ ஏன் ஓடுற?"

"மேஸ்திரி ஆளு எடுக்கிற நேரமாச்சு சார். லேட்டாப் போனா இன்னிக்கி வேல இல்லன்னு திருப்பி அனுப்பிச்சிடுவான்."

அவன் டவுன்ஷிப்பில் புதுக் குவார்ட்டர்ஸ் கட்டுகிற கான்ட்ராக்டரிடம் மண்வேலை செய்தான். வயது என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும். அவன் பிறந்த ஊர் இருந்த இடத்தில் அப்போது சுரங்கம். அவனுடைய ஆட்கள் அங்கே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்த பிறகு மந்தாரக்குப்பத்தில் ஒரு கூரை வீட்டில் மனைவியோடும் ஒரு பெண் குழந்தையோடும் வாடகைக்கு இருந்தான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தூக்குச்சட்டியோடு, செருப்பில்லாமல், நாள் பூராவும் மண் சுமக்கப் போகிற ஒருவன் என்னைவிட நன்றாக ஓடுகிறான்.

நான் தனியாக ஓடி அலுத்துப்போயிருந்தேன். வாரம் நாற்பது மைல் வாயைத் திறக்காமல் ஓடுவது மனுஷனை ஒரு மாதிரி ஆக்கிவிடும். அதனால் அவனிடம் சொன்னேன், "எங்கூட தினம் ஓட வாய்யா."

"எனக்கு எதுக்கு சார் அது?"

அப்போது அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. காற்றுவாக்கில் கேள்விப்பட்டதை அப்படியே சொன்னேன்.

"ஓட்டத்துல பேரு வாங்குனா பர்மனென்ட் பண்ணிருவாங்கய்யா. வெளையாட்டு ஆளுகள வேலைக்குன்னு தனியா எடுக்காங்க."

அவன் நின்றுவிட்டான். "நெசமாவா சார்?"

"பின்னே?" என்றேன்.

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு மந்தாரக்குப்பம் டீக்கடை முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். தினம் விடியற்காலையில் ஓடுவதற்காக நான் ஆட்களிடம் மாற்றிக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கும் இரண்டாவது ஷிப்டிலேயே இருந்துகொண்டேன்.

என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த மாதங்கள் எவை என்று யாராவது கேட்டால் அதற்குப் பிறகு வந்த ஏழெட்டு மாதங்களைத்தான் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. விடிவதற்கு முன்னால் வடலூர் ரோட்டில் போவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண் தடத்தில் போவோம். பூ விடுகிற காலத்தில் தோப்பு முழுக்க ஒரு வாசனை இருக்கும். அவன் பேசிக்கொண்டே ஓடுவான். மேஸ்திரியைப் போலப் பேசிக் காட்டுவான். குழந்தை புதிதாகச் சொன்ன சொற்களைச் சொல்வான். மூச்சு கொஞ்சம்கூட வாங்காது. நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வேன்.

அந்த வருஷம்தான் ரோட்டோரத்து மைல் கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். முதல் நாள் அவன் கற்களை எண்ணிக்கொண்டே வந்து, "சார், இன்னிக்கி எக்கச்சக்கமா ஓடிட்டோம் போல" என்றான். நான் விளக்கிச் சொன்னதும் ரொம்ப நேரம் சிரித்தான். "அப்ப கல்லு பொய் சொல்லுது. நமக்குப் பழைய மைலே இருக்கட்டும் சார்."

நாற்பது நாற்பத்தைந்தானது. ஐம்பதானது. ஒவ்வொரு வாரமும் நோட்டைக் காட்டி அவனுக்கும் சொல்வேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கூட்டுத்தொகையை மட்டும் விரலால் தொட்டுப் பார்ப்பான். "இன்னும் எவ்ளோ சார் இருக்குது?"

"இருபது."

"இருபதுதானே. ஓடிடலாம்."

ஐம்பத்தைந்தில் என் குதிகால் நரம்பு இழுத்தது. ஒரு வாரம் நொண்டினேன். அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மேடு வந்தால் அவன்தான் முன்னால் போவான். உச்சியில் நின்று எனக்காகக் காத்திருப்பான். அப்படிக் காத்திருக்கும்போது என்னைப் பார்க்க மாட்டான். வேறு எங்கோ வேடிக்கை பார்ப்பது போல நிற்பான், நான் சங்கடப்படக் கூடாதென்று. அந்த மரியாதைதான் என்னை எரிச்சல்படுத்தியது. எனக்கு ஷூ இருந்தது. ஓட்டம் முடிந்ததும் மெஸ்ஸில் இட்லி, இரண்டு முட்டை, பால் எல்லாம் இருந்தது. இத்தனையும் இருந்தும் வெறுங்காலோடு ஓடுகிறவன் எனக்காகக் காத்திருக்கிறான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டம் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய்த் தூக்கை எடுத்துக்கொண்டு மூன்று மைல் நடந்து வேலைக்கு வருவான். சாயங்காலம் வரை கூடையில் மண் தூக்குவான். மறுபடி மூன்று மைல் நடந்து வீட்டுக்குப் போவான். அந்த மைல்களை நான் ஒரு நாளும் நோட்டில் சேர்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வருஷம் அரிசி கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. ரேஷன் கடையில் பெண்கள் விடியற்காலையிலிருந்தே வரிசையில் நின்றார்கள். எங்கள் மெஸ்ஸிலும் இரண்டாவது தடவை சோறு கேட்டால் முகம் சுளித்தார்கள். ஆனால் முதல் தடவை இருந்தது. நாங்கள் வாரம் அறுபது மைலைத் தாண்டியிருந்தோம். சென்னையில் நடக்கப்போகிற மாரத்தானுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. இரண்டு பேரும் ஓடுவதாகத்தான் ஏற்பாடு.

அறுபத்திரண்டு மைலா அறுபத்து மூன்றா என்று நினைவில்லை, அந்த வாரத்தில்தான் முதல் தடவையாக நான் அவனைவிட முன்னால் போனேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் அவன் கீழே வந்துகொண்டிருந்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பயிற்சி பலிக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அவன் பேசுவதை நிறுத்தியிருந்தான். நடுவில் நின்று இருமுவான்.

"என்னய்யா, முடியலையா?"

"சளி சார். சரியாப் பூடும்."

"நிக்காத. நின்னா கால் பிடிச்சுக்கும்."

இதைச் சொன்னவன் நான்தான். அவன் கன்னம் ஒட்டிப்போனதை நான் கவனித்தேன். மாரத்தான் ஓடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றுவரை எனக்கு மறக்க முடியாதது அவன் இருமல் இல்லை. அவன் பின்தங்கியபோது எனக்கு உண்டான சந்தோஷம்தான். அது ஐந்தாறு வாரம் நீடித்தது. அந்த வாரங்களில் நான் அருமையாக ஓடினேன்.

எழுபதைத் தொட்ட வாரத்தில் அவன் மூன்று நாள்தான் வந்தான். அடுத்த வாரம் வரவே இல்லை. ஐந்து நாள் டீக்கடை முன்னால் நின்று பார்த்துவிட்டுத் தனியாக ஓடினேன். ஆறாவது நாள்தான் அவன் வீட்டைத் தேடிப் போனேன். இத்தனை மாதங்களில் அவன் வீட்டுக்குப் போனது அதுவே முதல் தடவை.

தாழ்ந்த கூரை. குனிந்து உள்ளே போனேன். அவன் பாயில் சுருண்டு படுத்திருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல் இருந்தது. சாம்பலில் சிவப்பாக ஏதோ கலந்திருந்தது. அவன் மனைவி மூலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னை அவள் உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதான் அந்த ஓட்டக்கார சாருங்களா?"

"ஆமாங்க."

"ரெண்டு வேள கூழு இருந்தாலே பெரிய விசயங்க இந்த வூட்ல. அதையும் புள்ளைக்குக் குடுத்துட்டு, இருட்டோட எழுந்து ஓடிக்கினு இருந்திச்சு. வேணாம்னு சொன்னா கேக்கல. பர்மனென்டு ஆயிடும், சாரு சொல்லிக்கிறாருன்னு சொல்லிச்சு." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சாப்ட்டியான்னு ஒரு நாளாவது கேட்டீங்களாங்க?"

"ஏய், சும்மா இரு" என்று அவன் பாயிலிருந்து சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க சார். எழுபது வந்துடுச்சா?" என்று கேட்டான்.

வந்துவிட்டது என்றேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவனைப் பஸ்ஸில் கடலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, காசநோய், இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது என்றார். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போய்க் கேட்டேன்.

"ஓடுனதாலயா சார்?"

"ஓடினதால வரலப்பா. எங்கேயோ தொத்தியிருக்கு. ஆனா வயித்துக்கு இல்லாம இப்படி உடம்பைப் போட்டு அடிச்சா, வந்தது எப்படி நிக்கும்?" என்றார். பிறகு, "அவர் என்ன ஓட்டக்காரரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தினம் ஊசி போட வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், மாதக்கணக்கில். ஊசி போடுகிற டிஸ்பென்சரி அவன் வீட்டிலிருந்து மூன்று மைல். என்னிடம் சைக்கிள் இருந்தது. தினம் நான் அழைத்துப் போகிறேன் என்று அவன் மனைவியிடம் சொன்னேன்.

அந்த வாரமே எங்கள் விளையாட்டுக் குழுச் செயலாளரிடம் போனேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன். ஓட்டத்தில் ஜெயித்தால் கான்ட்ராக்ட் ஆளைப் பர்மனென்ட் ஆக்குவார்களா?

"யார் சொன்னா உங்களுக்கு?" என்றார் அவர். "அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. எவனோ கதை விட்டிருக்கான்."

அதை நான் அவனிடம் சொல்லவில்லை. குணமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பதினாறு நாள் அவனைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஊசிக்கு அழைத்துப் போனேன். வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக் கொடுப்பேன். பழத்தில் பாதியைக் குழந்தைக்கு என்று சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். என் முதுகில் சாய்ந்துகொண்டு வருவான். கனமே இருக்காது. காலை ஐந்து மணிக்கே கிளம்பி வரிசையில் இடம் பிடித்தாலும் போய் வர ஒன்பதாகிவிடும். நான் இரண்டாவது ஷிப்டில் இருந்தேன். வெயிலுக்கு முன்னால் ஓடுவதற்கு அந்தக் காலைப்பொழுதுதான் இருந்தது. அந்த இரண்டு வாரமும் என் மைல் முப்பதுக்குக் கீழே இறங்கியது. மாரத்தானுக்கு எட்டு வாரம் இருந்தது.

நோட்டில் அந்த இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. பாயில் கிடக்கிறவனை நினைத்து வராத பயம் அந்த எண்களைப் பார்த்து வந்தது.

பதினேழாவது நாள் அவனிடம் போய், "ஷிப்ட் மாத்திட்டாங்கய்யா. காலையில வர முடியாது போலிருக்கு" என்றேன். ஷிப்டை யாரும் மாற்றவில்லை.

அவன் உடனே, "பரவால்ல சார். இப்பத்தான் தேவலையே. நா மெள்ள நடந்துக்கிறேன். நீங்க ஓட்டத்தப் பாருங்க" என்றான்.

போக மூன்று மைல், வர மூன்று மைல். அவனால் எத்தனை நாள் நடக்க முடிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. திரும்பவும் ஐம்பது, அறுபது, எழுபது என்று ஏற்றினேன். எழுபத்திரண்டுகூட ஒரு வாரம் எழுதினேன். மந்தாரக்குப்பம் ரோட்டில் ஓடுவதை விட்டுவிட்டு வேறு பக்கம் போனேன். நடுவில் இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போய் ரொட்டி கொடுத்துவிட்டு வந்தேன். ஊசி போட்டுக்கொள்கிறாயா என்றபோது, "போட்டுக்கினு இருக்கேன் சார்" என்றான். அவன் மனைவி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சென்னை ஓட்டத்துக்குச் சனிக்கிழமையே போய்விட்டேன். ஒரு சத்திரத்தில் தங்கி, காலை உயர்த்தி வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருந்தேன். ஞாயிறு காலை இருபத்தாறு மைல். பதினெட்டு மைல் வரை நன்றாக வந்தேன். அதற்குப் பிறகு கால் என்னுடையதாக இல்லை. வெயில் ஏறியது. பட்டாளத்துக்காரர்களும் போலீஸ்காரர்களும் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். யாரும் திரும்பி நின்று காத்திருக்கவில்லை. கடைசி நாலு மைல் நடந்தும் ஓடியுமாக வந்து சேர்ந்தேன். முப்பத்தொன்றாவது ஆள். மேசை முன்னால் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் நம்பரைக் குறித்துக்கொண்டு, "அங்க மோர் இருக்கு, போங்க" என்றார். மோர் தீர்ந்துபோயிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். வீட்டு முன்னால் இரண்டு மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவன் சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டான். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

அவன் மனைவி வெளியே வந்தாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஓட்டம் முடிஞ்சிதுங்களா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது."

"அது கேட்டுக்கினே இருந்திச்சு. சாரு எப்ப வருவாரு, ஜெயிச்சிடுவாரான்னு." அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஊசி ஒரு மாசமாப் போடல. நடக்க முடியல. உங்ககிட்ட சொல்ல வேணாம், ஓட்டம் கெட்டுப்பூடும்னு சொல்லிச்சு."

பர்மனென்ட் விஷயத்தை அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு ஓட்டத்தை விட்டுவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. விடவில்லை. அடுத்த வாரமும் ஓடினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடாத நாட்களில் அந்தக் கட்டில் இருந்தது, மோட்டுவளை இருந்தது. முன்பு ஓடும்போது மனசு காலியாகும். இப்போது அது நடக்கவில்லை. அவன் பேசிக்கொண்டு வருகிற மாதிரியே இருக்கும். ஐம்பது, நாற்பது, முப்பது என்று நான் குறைக்காமல் அதுவாகக் குறைந்தது.

அவன் மனைவி அதே கான்ட்ராக்டரிடம் சித்தாள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். புதுக் குவார்ட்டர்ஸ் கட்டுகிற இடத்தைத் தாண்டும்போது தலையில் கலவைச் சட்டியோடு அவளைப் பார்ப்பேன். நான் ஓடுவதை அவளும் பார்ப்பாள். அவள் முகத்தில் எதுவும் மாறாது. பிறகு ஒரு நாள் அவள் அங்கே இல்லை. மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கம் அம்மா வீட்டுக்குக் குழந்தையோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அவள் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதைக் கேட்ட மறுநாள் காலை வடலூர் ரோட்டில் நாலு மைல் போனவன் நின்றுவிட்டேன். வலி ஒன்றும் இல்லை. கால் அதற்கு மேல் போகவில்லை, அவ்வளவுதான். ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பலாப்பழம் ஏற்றி வந்த லாரி ஒன்று வேகத்தைக் குறைத்து நின்றது.

டிரைவர் எட்டிப் பார்த்து, "எங்க போவணும்?" என்று கேட்டார்.

"டவுன்ஷிப்."

ஏறிக்கொண்டேன். "உங்கள நா பாத்துக்கிறேனே. ரெண்டு பேரா ஓடிக்கினு போவீங்க. இன்னிக்கி இன்னா, உடம்பு சரியில்லீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன். திருப்பத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நடந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, இரண்டு மணி ஷிப்டுக்குப் போனேன். அதன் பிறகு முப்பத்து நாலு வருஷம் அதே பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு மைல்கூட ஓடவில்லை.